திருப்பூரில் ஒரு கண்ணில்லாத பொம்மை

திருப்பூருக்குப் போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு சீட்டைக் கையில் திணித்துவிட்டார்கள். எதிர்வீட்டில் 85 சைஸ் பனியன் நாலு, மாடி வீட்டுக் குழந்தைக்கு ஜட்டி அரை டஜன், "நைட்டி துணி நல்லதாக் கிடைச்சா பாருங்கக்கா" என்று இன்னொருத்தி. நான் போவது பனியன் வாங்க அல்ல, பொம்மை தைக்க என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அதனால் சொல்லவில்லை.

என் தங்கை மகள் திருப்பூரில் பின்னலாடை வடிவமைப்புப் படிக்கிறாள். கடைசி வருஷம். அதற்கு ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். அவளோடு படிப்பவர்கள் எல்லாம் சட்டை, கவுன் என்று எடுத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் 'பனியன் கம்பெனி வெட்டுத் துணியிலிருந்து கைக்குழந்தைக்கு விளையாட்டுப் பொருள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். "பெரியம்மா, உங்களுக்குத்தான் கைத்தையல் பிரமாதமா வரும். பத்து நாள் வந்து கூட இருங்க" என்று போனில் கெஞ்சினாள்.

எனக்குக் கைத்தையல் வரும் என்பது உண்மை. ஆனால் பொம்மை தைத்து இருபது வருஷம் ஆகிறது. ஏன் விட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. என் தங்கைக்குத் தெரியும். அவள்கூட அன்று ஒன்றும் சொல்லவில்லை.

திருச்சியில் மதியம் பாலக்காட்டு ரயிலில் ஏறினேன். கரூர் வரை பக்கத்தில் காவிரி வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். ஈரோட்டுக்கு அப்புறம் பொழுது சாயும். திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் ஊர் முழுக்க இந்தியா இறங்கியிருப்பது போல இருக்கிறது. ஒரிசா, பீஹார், அஸ்ஸாம் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் தோளில் பையோடு நிற்கிறார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே கொடி காத்த குமரனுக்கு நினைவகம் இருக்கிறது. 1932 ஜனவரியில் அடிபட்டு உயிர் விட்ட போது அந்தப் பிள்ளைக்கு வயது இருபத்தெட்டுகூட நிரம்பவில்லை. ஆட்டோவிலிருந்தபடியே கும்பிட்டுக்கொண்டேன்.

பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடி அறை. கீழே வீட்டுக்கார அம்மா. "வாங்க அம்மிணி, காப்பித் தண்ணி குடிக்கறீங்களா?" என்று வாசலிலேயே வரவேற்பு. கொங்கு நாட்டுப் பேச்சில் திட்டினால்கூட மரியாதையாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. சந்து பூரா தையல் மிஷின் சத்தம். ஒரு வீட்டில் ஓவர்லாக், அடுத்த வீட்டில் செக்கிங், திண்ணையில் இரண்டு பெண்கள் பிசிறு நூல் வெட்டிக்கொண்டு. காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருகிறவர்களை 'ஒன்றரை ஷிப்ட்' என்கிறார்கள். இந்த ஊரில் நேரத்தைக்கூட ஷிப்டில்தான் அளக்கிறார்கள்.

மறுநாள் காலையில் என்னை அவள் கூட்டிப் போன இடம் ஒரு வேஸ்ட் குடோன். நம் வீட்டில் பழைய பனியனைக் கிழித்து ஸ்கூட்டர் துடைப்போமே, அதன் தாத்தா வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை மூட்டையாக வெட்டுத் துண்டுகள். பெண்கள் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். வெள்ளைக்குத் தனி விலை, கலருக்குத் தனி விலை, எல்லாம் கிலோ கணக்கு. நல்லது திரும்பவும் பஞ்சாகி நூலாகிறது. மற்றது ஒர்க்‌ஷாப்புகளுக்குத் துடைக்கப் போகிறது, தலையணைக்குள் போகிறது.

எனக்கு அங்கே ஒரு மூட்டையைப் பார்த்ததும் மனசு போய்விட்டது. எல்லாம் பிறைச்சந்திரன் வடிவத்தில் துண்டுகள்! பனியனுக்குக் கழுத்து வெட்டும்போது விழுவது அது. கை வெட்டும் இடத்திலும் அப்படித்தான். நூறு அடுக்குத் துணியை ஒன்றாகப் போட்டு மிஷின் கத்தியால் வெட்டும்போது நூறு பிறைகள் ஒரே அச்சில் விழுகின்றன. "இதை மறுபடி வெட்டவே கூடாது பெரியம்மா, இந்த வடிவத்துலேயே ஒண்ணு பண்ணணும்" என்றாள் சின்னவள். அவள் யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் குடோன் துணியை எடுக்கக் கூடாது என்று அவளே சொன்னாள். காரணம் இருக்கிறது. கைக்குழந்தை எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கும். சாயம் நல்லதா கெட்டதா என்பது அங்கே முக்கியம். 1990களில் ஜெர்மனிக்காரர்கள் அஸோ சாயங்களில் சில வகைகளைத் தடை செய்தார்கள். 1997இல் நம் நாட்டிலும் தடை வந்தது. வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைச் சட்டைத் துணியைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிச் சான்று வாங்கித்தான் வெட்டுகிறார்கள். அப்படியானால் அதன் வெட்டுத் துண்டும் அதே சோதனையான துணிதானே! ஆனால் குடோனுக்கு வந்து கலந்துவிட்டால் எது எந்தத் துணி என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஆகவே குழந்தைச் சட்டை தைக்கும் ஒரு சின்ன யூனிட்டில் சொல்லி வைத்து, வெட்டு மேஜையிலிருந்தே சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தோம்.

அந்த யூனிட்டில் நான் பார்த்த ஒரு நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தைக்கும்போது ஊசி உடைந்தால் உடனே மிஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து, ஒட்டி வைத்துப் பார்த்து முழு ஊசியானால்தான் புது ஊசி. அந்தத் துண்டுகளைத் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு முனை கிடைக்காவிட்டால் அந்தக் கட்டுத் துணி முழுவதையும் ஒதுக்கிவிடுவார்களாம். கடைசியில் உலோகம் காட்டும் மிஷின் வழியாகவும் அனுப்புகிறார்கள். பட்டனையும் சும்மா விடுவதில்லை. கிட்டத்தட்ட ஒன்பது கிலோ எடைக்குச் சமமாக இழுத்துப் பார்க்கிறார்கள், பத்து நொடி தாங்க வேண்டும். அந்தச் சின்ன மிஷின் முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். "என்ன பெரியம்மா?" என்றாள். "ஒண்ணுமில்லை, வா" என்றேன்.

சாயங்காலம் அவள் முதல் பொம்மையைக் காட்டினாள். ஏற்கெனவே தைத்து வைத்திருந்தாள். இரண்டு பிறைகளைச் சேர்த்து ஒரு மீன். வாலில் ரிப் துணி, வயிற்றில் கோடு கோடாக இன்டர்லாக். கொள்ளை அழகு. கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பட்டன்.

நான் கத்திரியை எடுத்து இரண்டு பட்டனையும் வெட்டி எறிந்துவிட்டேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம்தான் உட்கார வைத்துச் சொன்னேன். என் மூத்தவனுக்கு ஒன்பது மாசம். என் பழைய ஜாக்கெட் துணியில் நானே ஒரு யானைப் பொம்மை தைத்துக் கொடுத்திருந்தேன். இரட்டை நூல் போட்டுத்தான் கண் தைத்தேன். நாலு நாள் அதையே சப்பிக்கொண்டிருந்தான். அஞ்சாம் நாள் அடுப்படியில் நான் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறேன், கூடத்தில் சத்தமே இல்லை. குழந்தை அழுதால் ஓடுவோம். அழாமல் இருந்தால் நிம்மதி என்று நினைப்போம், இல்லையா? எட்டிப் பார்த்தால் வாயைத் திறந்து திறந்து மூடுகிறான், சத்தம் வரவில்லை. உதடு நீலம். நான் செய்த முதல் காரியம் வாயில் விரலை விட்டுத் துழாவியது. அது மகா தப்பு, இன்னும் உள்ளே தள்ளிவிடும் என்று பிறகு தெரிந்தது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாள் ஒருவர் இருந்தார். என் அலறல் கேட்டு ஓடி வந்து குழந்தையைப் பிடுங்கி, முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்கும்படி வைத்து முதுகில் தட்டினார். நாலாவது தட்டில் பட்டன் தரையில் விழுந்து உருண்டது. அப்போது அவன் அழுதான் பாருங்கள், அந்த மாதிரி சங்கீதத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

இதை அன்று அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. குழந்தை சத்தமாக இருமினால், அழுதால், இரும விட்டுவிட வேண்டும். இருமலே வெளியே தள்ளும். சத்தம் வராமல் திணறினால், ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கி, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108க்குப் போன் செய்யச் சொல்ல வேண்டும். குழந்தை நினைவு இழந்துவிட்டால் நெஞ்சழுத்தி மூச்சுக் கொடுக்கும் முதலுதவி தேவைப்படும். அதை ஆஸ்பத்திரியில் கேட்டு ஒருமுறை நேரில் பழகிவைத்துக்கொள்வது நல்லது. கண்ணுக்குத் தெரிகிற பொருளைத் தவிர வாயில் விரலை விடவே கூடாது.

சின்னவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பெட்டியிலிருந்து ஒரு சிறு குழாயை எடுத்தாள். பொம்மைக்கான சோதனைக் குழாய். வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை மனசில் வைத்துச் செய்தது. அதற்குள் எது முழுசாக அடங்குகிறதோ அது அந்த வயதுக் குழந்தைக்கு ஆகாது. நான் வெட்டி எறிந்த பட்டனைத் தேடி எடுத்து உள்ளே போட்டாள். டங்கென்று அடியில் போய் உட்கார்ந்தது. "வகுப்புல சொல்லிக் கொடுத்தாங்க பெரியம்மா. இறுக்கமாத்தானே தைச்சிருக்கோம்னு நினைச்சுட்டேன்" என்றாள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

பட்டன் இல்லை என்றானதும் வேலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். மீனுக்குள் என்ன அடைப்பது என்பது அடுத்த தலைவலி. வெட்டுத் துணியையே பொடியாக நறுக்கி அடைத்தோம். பனியன் துணிக்கு ஒரு குணம், அது கண்ணி கண்ணியாகப் பின்னியது, எந்தப் பக்கம் அழுத்தினாலும் இழுபடும். மீன் புடைத்துப் பூசணிக்காய் ஆகிவிட்டது. தையல் ஓரம் இளித்தது. துவைத்துக் கொடியில் போட்டோம், இரண்டு நாளாகியும் உள்ளே ஈரம். மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்தால் மழைக்கால மிதியடி வாசனை. குழந்தை வாயில் வைக்கும் சாமானுக்கு இது ஒத்துவருமா? "அடைக்கவே வேண்டாமே. நம்ம பாட்டி காலத்துல துணி முடிச்சுதானே பொம்மை" என்றேன். இரண்டு அடுக்குத் துணி, சப்பையாக ஒரு மீன். ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.

அடுத்த வீட்டில் எட்டு மாசக் குழந்தை ஒன்று இருந்தது. அவன் அம்மா முன்பு பேட்லாக் மிஷினில் இருந்தவள், குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறாள். மீனை அவன் கையில் கொடுத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். பரீட்சை ரிசல்ட் மாதிரிதான். பயல் மீனைப் பார்த்தான், கவிழ்த்தான், தூக்கிப் போட்டுவிட்டான். தவழ்ந்து போய் அம்மா வைத்திருந்த சட்டையின் கழுத்தைப் பிடித்து, உள்ளே தைத்திருந்த லேபிளைச் சப்ப ஆரம்பித்தான். பிடுங்கினால் அழுகை. "எது குடுத்தாலும் போட்டுர்றானுங்கக்கா. இந்த லேபிளை மட்டும் விடமாட்டேங்கறான்" என்றாள் அம்மா.

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை ஓர் எட்டு மாசக் குழந்தை முடித்துவைத்தான். லேபிளுக்கு என்ன பஞ்சம் திருப்பூரில்! அன்றிரவே மீனின் ஓரம் முழுக்க லேபிள் நாடாவை மடித்து மடித்து வளையமாக வைத்துத் தைத்தோம். வழுவழு சாட்டின் ஒன்று, சொரசொர நெசவு ஒன்று, பட்டையான பருத்தி நாடா ஒன்று. அந்த வயதில் விரல் நுனிகள் கெட்டியாக உழைக்கிற காலம். ஆறு மாசத்தில் கைக்குக் கை மாற்றும், எட்டு ஒன்பது மாசத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கப் பழகும். வளையம் அதற்குத் தோதாக இருந்தது. விரல் சிக்கி இறுகாதபடி வளையங்களைச் சின்னதாக வைத்தோம். நீளக் கயிறு எதுவும் கூடாது. ஒரு சாணுக்கு மேல் போனால் கழுத்தில் சுற்றும். கண் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், நூலால் எம்பிராய்டரி போடலாம்தான். "குழந்தை கேட்கவில்லையே, நமக்குத்தானே கண் வேண்டியிருக்கு" என்றேன். கண் இல்லாமலே விட்டோம்.

தைக்கும்போது அவள் பல கதைகள் சொல்வாள், நான் ஊசி கோத்துக்கொண்டே கேட்பேன். ஜெர்மனியில் மார்கரெட் ஸ்டைஃப் என்று ஒரு தையல்காரி. ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்தவள். 1880இல் ஊசி குத்தி வைக்க யானை வடிவில் ஒரு மெத்தை தைத்தாள். குழந்தைகள் அதை எடுத்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள், அதிலிருந்து பெரிய பொம்மைக் கம்பெனியே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் ராக்ஃபோர்ட் என்ற ஊர் நம் திருப்பூர் மாதிரி பின்னல் ஊர், அங்கே காலுறை. நெல்சன் கம்பெனி 1932இல் காலுறைக்குச் சிவப்புக் குதிகால் வைத்தது. பஞ்ச காலத்தில் அங்குள்ள தாய்மார்கள் பழைய காலுறையில் குரங்குப் பொம்மை தைத்தார்கள், சிவப்புக் குதிகால் குரங்கின் வாயாகிவிட்டது. பிறகு கம்பெனியே காலுறையோடு பொம்மை தைக்கும் குறிப்பும் வைத்து விற்றதாம்!

அவ்வளவு தூரம் போவானேன்? அவள் பையில் தொங்கியது ஒரு சுனாமிகா. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் உபாசனா என்ற வடிவமைப்பு நிலையத்தை நடத்திய உமா பிரஜாபதி, மீனவப் பெண்களுக்குத் துணித் துண்டில் இந்தக் குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். அவரும் ஆடை வடிவமைப்புப் படித்தவர். கடலைப் பார்க்கவே பயந்து உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கைவேலையும் ஆயிற்று, வருமானமும் ஆயிற்று. பொம்மையை விலைக்கு விற்பதில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுக்கிறார்கள். இது பெரியவர்கள் வைத்துக்கொள்ளும் நினைவுப் பொருள், விரல் நீளம்கூட இல்லை. ஆகவே சோதனைக் குழாயில் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நாங்கள் போட்டுப் பார்த்தோம் என்பது வேறு விஷயம்.

அடுத்த வீட்டுப் பெண் மறுநாள் கேட்டாள். "ஏனுங்கக்கா, இதை எத்தனை ரூவாய்க்கு விக்கலாமுங்க? வீட்லயே இருந்து தைப்பேனுங்க, அவனையும் பாத்துக்குவேன்." அவள் கணக்கும் போட்டு வைத்திருந்தாள். துணி சும்மா மாதிரி, நூல், நாடா, ஒரு மீனுக்குக் கால் மணி நேரம். பிசிறு வெட்டுவதைவிட மேல் என்று முடிவுக்கும் வந்துவிட்டாள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சின்னவள் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. 2021 ஜனவரி 1 முதல் பதினாலு வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. அதற்குச் சோதனை, லைசென்ஸ், கட்டணம் எல்லாம் உண்டு. கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு இருக்கிறது. இந்த மீன் அந்தக் கணக்கில் வருமா என்று விசாரித்துத்தான் சொல்ல முடியும். அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப சரீங்க, விசாரிச்சுச் சொல்லுங்க" என்று பிசிறு மூட்டையை இழுத்துக்கொண்டாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. சட்டத்தின் மேல் கோபப்படவும் முடியவில்லை. கண்ணுக்கு எதிரே பட்டன் உருண்டதைப் பார்த்தவள் நான்.

கல்லூரியில் அவள் மீனைக் காட்டிய அன்று நானும் வெளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வந்திருந்த பரீட்சகர், "கண் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டாராம். அவள் பதிலுக்கு அந்தக் குழாயையும் பட்டனையும் மேஜை மேல் வைத்திருக்கிறாள். பிறகு அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "இரவில் தூளியில் போட்டுத் தூங்க வைக்கலாமா?" கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஒரு வயது ஆகும் வரை குழந்தை தூங்கும் இடத்தில் துணிப் பொம்மை, தலையணை எதுவும் வேண்டாம், மூக்கை மூடிவிடும். விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும்தான். அதையும் ஒரு லேபிளாகவே தைத்துவிடுங்கள் என்றாராம். எங்களுக்குத் தோன்றாமல் போயிற்றே!

திரும்பும் நாள் காதர்பேட்டையில் சீட்டுச் சாமான்களை எல்லாம் வாங்கினேன். தெருவெல்லாம் மூட்டை, மூட்டைக்குள் நடந்துதான் கடைக்குப் போக வேண்டும். 85 சைஸ் கிடைத்தது, ஜட்டி கிடைத்தது. நைட்டித் துணி மட்டும் எனக்குப் பிடித்த மாதிரி அமையவில்லை. ரயிலேற்ற வந்தபோது சின்னவள் என் பையில் ஒரு மீனைத் திணித்தாள். கைவினைஞர் பதிவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று அடுத்த வீட்டுப் பெண்ணுக்காக எழுதி வாங்கிவிட்டாள், திங்கட்கிழமை இருவரும் போகிறார்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் மூத்தவன்தான் பையைப் பிரித்தான். ஆறடி உயரம், தாடி வேறு. மீனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னம்மா இது, கண்ணையே காணோம்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு லேபிள் வளையத்தை விரலில் மாட்டி இழுத்தான்.

நன்றாகத்தான் இருந்தது தையல். அசையவில்லை.